கம்யூனிட்டி காலேஜில் சேரும் முன் மூன்றாம் ஆண்டைப் பாருங்கள்

"ரெண்டு வருஷம் கம்மிச் செலவுல படிச்சிட்டு, அப்புறம் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாமாமே?" கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஆலோசகராக இருக்கும் என்னிடம் ஊரிலிருந்து பேசும் பெற்றோர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். மாறலாம். இந்த வழியில் நல்ல பல்கலைக்கழகங்களுக்குப் போன பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆனால் மாறுவதற்கான வேலை இரண்டு வருடம் கழித்துத் தொடங்குவதில்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் முன்பே தொடங்கிவிடுகிறது. அது தெரியாமல் வந்து தவிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது பொதுப் பணத்தில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரிதான் இன்றும் இயங்கும் மிகப் பழைய ஒன்று. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்போது 116 இருக்கின்றன. படித்து முடித்தால் அசோசியேட் டிகிரி என்ற இரண்டாண்டுப் பட்டம் கிடைக்கும். சேருவதற்கு எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் டோஃபல், ஐஇஎல்டிஎஸ், டூயோலிங்கோ ஆகிய ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்றில் நடுத்தரமான மதிப்பெண்ணும் இருந்தால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். இவ்வளவு எளிதாகச் சேரலாம் என்பதாலேயே இதைத் தரம் குறைந்த படிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் ஐலீன் காலின்ஸ் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போனார். தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது கணக்கைப் பற்றி.

முதலில் பணக் கணக்கு. பாடத்தின் அளவை யூனிட் என்று எண்ணுவார்கள்; கலிஃபோர்னியா வாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். இணையத்தில் இதைப் பார்த்துவிட்டு மகிழ்ந்து போகிறவர்கள் பலர். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவருக்கு அது கல்லூரியைப் பொறுத்துச் சுமார் 300 முதல் 450 டாலர் வரை. ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டால் உள்ளூர்க் கட்டணம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஃப்-1 மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகையும் கிடையாது. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் விடுதி இல்லை என்பதால் வீட்டு வாடகை தனி. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஓர் அறைக்கே மாதம் 1,000 டாலருக்கு மேல் ஆகும். மருத்துவக் காப்பீடு, புத்தகம், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான தொகை தெரியும்.

விசாவுக்குத் தேவையான, கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்க முதல் ஓராண்டுச் செலவுக்கு வங்கியில் பணம் காட்டினால் போதும். அதனால் வீட்டில் எல்லோரும் அந்த ஓராண்டை மட்டுமே யோசிக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் என்ன ஆகும்? பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், டேவிஸ் முதலிய வளாகங்களைக் கொண்ட யூசி என்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டுகிறது. சான் ஹோசே ஸ்டேட் போன்ற, கலிஃபோர்னியாவின் இன்னொரு பொதுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டைச் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அதில் பாதிக்கும் குறைவு. எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்பதை இப்போதே பேசுங்கள். நான்கு வருடச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கல்விக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் வங்கிக்குப் போய் அசோசியேட் டிகிரிக்குக் கடன் தருவார்களா, எதை அடமானமாகக் கேட்பார்கள் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மிக நன்றாகப் படித்த ஒரு பெண், யூசியில் இடம் கிடைத்தும், கட்ட வழியில்லாமல் கடிதத்தை வைத்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்த நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

அடுத்தது காலக் கணக்கு. மூன்றாம் ஆண்டு மாணவராக மாற 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். விசா விதிப்படி ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் எடுத்தால் போதும். ஆனால் நான்கு செமஸ்டரும் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுத்தால் 48-தான் ஆகிறது. ஆக 15 எடுக்க வேண்டும், இல்லையென்றால் கோடை விடுமுறையிலும் படிக்க வேண்டும். பொறியியலுக்குக் கால்குலஸ் மூன்று பாடம், இயற்பியல் மூன்று பாடம் என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவர்கள் கால்குலஸிலேயே தொடங்க முடியுமா என்று கேட்டு, மதிப்பெண் பட்டியலைக் காட்டுங்கள். அதற்கு முந்தைய பாடத்தில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வருடம் இரண்டரை, மூன்று ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். யூசிக்கு இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறி அடிப்படை வகுப்பில் தொடங்குபவருக்கு அங்கேயே ஒன்றிரண்டு செமஸ்டர் போய்விடும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஆகஸ்டில் சேருகிறீர்கள் என்றால், யூசிக்கு விண்ணப்பிப்பது அடுத்த ஆண்டு அக்டோபர், நவம்பரில். அப்போது உங்கள் கையில் இருப்பது முதலாண்டு மதிப்பெண்கள் மட்டும்தான். முதல் வருடம் பழகிக்கொள்ளலாம், இரண்டாம் வருடம் பிடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது. மாறுவதற்கு வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு யூசி கேட்கும் குறைந்தபட்ச ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.8. அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல் கேட்பவர்களுக்கு அது போதவே போதாது.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் 'டேக்' என்ற இட உத்தரவாதம் தருகின்றன. குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட ஜிபிஏவோடு முடித்தால் இடம் உறுதி. ஒரே ஒரு வளாகத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் (யூசிஎல்ஏ), சான் டியாகோ இதில் இல்லை. சில வளாகங்கள் சில படிப்புகளை இதிலிருந்து விலக்கியும் வைத்திருக்கின்றன. "டேக் இருக்கிறது, யூசிஎல்ஏ உறுதி" என்று சொல்லும் ஏஜென்டுக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள், அல்லது தெரிந்தே சொல்கிறார். கலிஃபோர்னியாவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளம் இலவசமாகக் காட்டுகிறது. ஊரில் இருக்கும்போதே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து உங்கள் பாடப்பிரிவைப் போட்டுப் பாருங்கள். மற்ற மாநிலங்களில் ஏற்பாடு வேறு. ஃபுளோரிடாவில் அசோசியேட் இன் ஆர்ட்ஸ் என்ற அசோசியேட் டிகிரி முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்றில் இடம் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் பெரும்பாலும் காலாண்டு முறை, 60 செமஸ்டர் யூனிட்டுக்குப் பதில் 90 காலாண்டு கிரெடிட்.

ஏஜென்டுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பலருக்குக் கல்லூரி கமிஷன் தருகிறது. கமிஷன் தரும் கல்லூரிகள்தான் அவர் பட்டியலில் இருக்கும். விண்ணப்பத்தைக் கல்லூரியின் இணையதளத்திலேயே நீங்கள் போடலாம். ஏஜென்ட் மூலம் போனாலும், விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள், கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். ஏஜென்டின் மின்னஞ்சலுக்குப் போன கடிதங்களைப் பார்க்காமலே இங்கே வந்து இறங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்பதை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'ஸ்டடி இன் த ஸ்டேட்ஸ்' தளத்தில் தேடலாம். கல்லூரியின் அங்கீகாரம் செல்லுபடியாகிறதா என்றும் தனியாகப் பாருங்கள்.

இனி, தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன்' என்று ஒரே பெயர் இருந்து, சர்நேம் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் கார்த்திகேயன் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எண் என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை விரித்து, அப்பா அல்லது அம்மா பெயரைச் சர்நேமாகப் பாஸ்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள். ஐ-20 வாங்கிய பிறகு பெயரை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

ஐ-20 வந்ததும், வெளிநாட்டு மாணவர் விவரங்களைப் பதியும் செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டுக்குக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், பிறகு நேர்காணல். சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்லி 2025-இல் புது விதி வந்திருக்கிறது. நேர்காணலில், ஏன் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை என்ற கேள்வியை எதிர்பார்த்துப் போங்கள். 'செலவு குறைவு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், யோசிக்காமல் வந்தவர் போலத் தோன்றும். எந்தப் படிப்பு, இரண்டு வருடம் கழித்து எந்தப் பல்கலைக்கழகங்கள், நான்கு வருடமும் யார் பணம் கட்டுகிறார்கள், முடித்து என்ன செய்வீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்ல வர வேண்டும். மனப்பாடம் வேண்டாம், அதிகாரிக்குத் தெரிந்துவிடும். படிப்பு முடிந்து ஊர் திரும்புவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராமல் 214(பி) என்ற சட்டப் பிரிவில் மறுத்தால் அதோடு முடிந்தது என்று இல்லை, மறுபடியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நிலைமையில் ஏதாவது மாறியிருந்தால்தான் பலன் இருக்கும்.

வந்து சேர்ந்தபின் அதிகம் அடிபடுவது முதல் வாரத்தில்தான். ஐ-20-இல் உள்ள தொடக்க நாளுக்கு 30 நாள் முன்பிருந்தே அமெரிக்காவுக்குள் வரலாம். ஆனாலும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று வகுப்பு தொடங்கி நாலு நாள் கழித்து வருபவர்கள் உண்டு. நம்ம ஊரில் முதல் வாரம் வகுப்பே சரியாக நடக்காது. இங்கே பல ஆசிரியர்கள் முதல் நாளே பெயர் கூப்பிடுகிறார்கள். வராதவரை நீக்கிவிட்டு, காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கால்குலஸும் ஆங்கிலமும் இப்படிப் போய்விட்டால் 12 யூனிட்டுக்குக் கீழே வந்துவிடுவீர்கள். உடனே வேறு வகுப்பு தேட வேண்டும். கிடைப்பவை பெரும்பாலும் ஆன்லைன் வகுப்புகளாக இருக்கும். அங்கே அடுத்த சிக்கல்: முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, அதுவும் மூன்று யூனிட் வரைதான் சேரும். இரண்டு ஆன்லைன் வகுப்பு எடுத்து 12 வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவருக்கு விசா கணக்கில் 12 இல்லை. அறையில் உட்காரும் வகுப்பா, ஆன்லைனா என்று அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே போட்டிருக்கும். பதிவு செய்யும் முன் படியுங்கள்.

பாடம் கடினமாக இருக்கிறது, உடம்பு சரியில்லை என்றாலும் வகுப்பை விடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்ற அதிகாரியிடம் வாருங்கள். முதல் செமஸ்டரில் ஆங்கிலமோ இங்குள்ள பாடமுறையோ பிடிபடவில்லை என்றால், ஒருமுறை 6 யூனிட் வரை குறைத்துக்கொள்ள அனுமதி தர விதியில் இடம் இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்கும் உண்டு. ஆனால் அனுமதி முதலில், வகுப்பை விடுவது பிறகு. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி வகுப்பை விட்டுவிட்டு மறுநாள் வந்து சொன்னால், எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு. வீடு மாறினால் பத்து நாளுக்குள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வேலை விஷயத்தில் வீட்டார் தெளிவாக இருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஆனால் சிறிய கல்லூரியில் அந்த வேலைகள் கொஞ்சம்தான். அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். தெரிந்தவர் உணவகம், பெட்ரோல் பங்க் என்று கையில் காசு வாங்கும் வேலைக்குப் போகவே வேண்டாம். மற்ற தவறுகளால் எஃப்-1 தகுதி போனால் அதை மீட்க விண்ணப்பிக்க வழி உண்டு. அனுமதியில்லாத வேலை பார்த்திருந்தால் அந்த வழியும் அடைபடும். அசோசியேட் டிகிரி முடித்தபின் துறை சார்ந்து ஓராண்டு வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி கேட்கலாம். அதைப் பயன்படுத்தினாலும் பிற்பாடு இளங்கலைக்குத் தனி ஓபிடி உண்டு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்கான 24 மாத ஓபிடி நீட்டிப்பு மட்டும் அசோசியேட் டிகிரிக்குக் கிடையாது.

வகுப்பறை எனக்கு மிகவும் பிடித்த இடம். பக்கத்து இருக்கையில் ராணுவத்திலிருந்து வந்தவர் இருப்பார், இரண்டு பிள்ளைகளின் தாய் இருப்பார், பகலில் வேலை பார்த்துவிட்டு வருபவர் இருப்பார். ஆசிரியர்களுக்கு முக்கிய வேலையே பாடம் நடத்துவதுதான். 'ஆபீஸ் அவர்ஸ்' என்று வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். நம் பிள்ளைகள் அங்கே போவதற்குக் கூச்சப்படுகிறார்கள், சந்தேகம் கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று. போய்ப் பழகுங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டால் எழுதப் போகிறவர் அவர்தான்.

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். வேறு மாநிலத்துக்கு மாறினாலோ, இந்தியா திரும்பிப் படிப்பைத் தொடர நினைத்தாலோ என்ன படித்தீர்கள் என்று கேட்பார்கள். அசோசியேட் டிகிரியை இந்தியாவில் இளங்கலைப் பட்டமாக ஏற்க மாட்டார்கள் என்பதால் பாதியில் திரும்புபவர்களுக்கு இந்தக் காகிதங்கள்தான் கைகொடுக்கும். மாறும் பல்கலைக்கழகம் முடிவானதும் அதன் சேர்க்கைக் கடிதத்தோடு டிஎஸ்ஓவிடம் வந்து செவிஸ் பதிவை அங்கே மாற்றச் சொல்லுங்கள். படிப்பு முடிந்த நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். ஊருக்குப் போய் வரும் திட்டம் இருந்தால் புது ஐ-20 கைக்கு வந்தபிறகு டிக்கெட் போடுங்கள்.