மதர்போர்டு மாறினால் பார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

மதர்போர்டு (கணினியின் பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகை) மாற்ற வரும் கணினிகளில் பாதிக்கு மேல், "அப்படியே பார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுவிடுங்கள்" என்ற கோரிக்கையோடுதான் வருகின்றன. பழுது பார்ப்பவர்களிலும் சிலர் கேட்காமலேயே அதைச் செய்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. கெட்டது போர்டு. கோப்புகளும் விண்டோஸும் இருக்கும் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. புது போர்டு பொருத்தியதும் பழைய விண்டோஸை ஓடவிட்டுப் பார்ப்பதே முதல் வேலை. அழிப்பதற்கு அவசரம் எதுவும் இல்லை.

இந்தப் பழக்கம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மிச்சம். அந்த விண்டோஸ், தான் நிறுவப்பட்ட போர்டின் டிஸ்க் கன்ட்ரோலரை (டிஸ்க்கோடு பேசும் பகுதியை) மட்டுமே அறிந்திருக்கும். வேறு சிப்செட் (போர்டின் முக்கியச் சில்லுகள்) கொண்ட போர்டில் வைத்தால், பிழை காட்டி நின்றுவிடும் நீலத்திரைதான். அன்று மறுநிறுவல் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. விண்டோஸ் 10, 11 அப்படி அல்ல. முதல் தொடக்கத்திலேயே புதிய சாதனங்களை அடையாளம் கண்டு, இயன்ற டிரைவர்களை (சாதனங்களை இயக்கும் மென்பொருள்களை) பொருத்திக்கொண்டு, ஓரிரு முறை மறுதொடக்கம் செய்து எழுந்து நின்றுவிடும். சிப்செட், கிராபிக்ஸ், வைஃபை டிரைவர்களைப் பிறகு போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போதைய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. போர்டு மாறியதும் கணினி நீலநிறத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். "நான் எந்தப் பூட்டும் போடவில்லையே" என்பார் உரிமையாளர். அவர் போட்டிருக்க மாட்டார்தான். பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே டிஸ்க் குறியாக்கம் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டும் பிட்லாக்கர் வசதி) தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. அதைத் திறக்கும் சாவியைக் காப்பது டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி. சில கணினிகளில் அது போர்டில் தனிச் சில்லாக இருக்கும், சிலவற்றில் புராசசரோடு சேர்ந்திருக்கும். எப்படி இருந்தாலும், போர்டை மாற்றினால் அந்த இணைப்பு அறுந்துபோகும். அதே மாடல் போர்டையே வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

இந்தத் திரையைப் பார்த்ததும் "விண்டோஸ் கெட்டுவிட்டது" என்று முடிவு செய்து பார்மட் செய்தால், உள்ளே இருந்த படங்களும் கோப்புகளும் போனவைதான். தரவு மீட்பு நிபுணரிடம் போனாலும் சாவி இல்லாத குறியாக்கத்தை அவரால் உடைக்க முடியாது. சாவி எங்கேயோ இருக்கிறது. அதைத் தேட வேண்டும். தனிநபர் கணினியென்றால் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்குக்குள் நுழைந்தாலே பார்த்துவிடலாம். அலுவலகக் கணினியென்றால் அலுவலகக் கணினிப் பிரிவைக் கேட்க வேண்டும். ஒரே கணக்கில் பல சாவிகள் இருந்தால், திரையில் தெரியும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டு எது என்று கண்டுபிடிக்கலாம்.

இங்கேதான் நான் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தக் கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தது யார்?" தம்பி, மருமகன், கல்லூரி நண்பன் என்று பதில் வரும். பல வீடுகளில் சாவி அந்த நபரின் கணக்கில்தான் கிடக்கிறது, அவருக்கே தெரியாமல். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற விஷயத்துக்காகப் பல ஆண்டுப் புகைப்படங்களை அழித்துவிடுவார்கள் என்பதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

சாவி கிடைத்து உள்ளே போனதும், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி இயக்குங்கள். அப்போதுதான் அது புதிய போர்டின் டிபிஎம்மோடு பிணைந்துகொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சாவி கேட்டு உயிரை வாங்கலாம். நான்கு இலக்கப் பின் எண்ணும் டிபிஎம்மைச் சார்ந்தது என்பதால், போர்டு மாறிய பிறகு அது வேலை செய்யாமல் போகலாம். அப்போது கணக்கின் உண்மையான கடவுச்சொல் தேவைப்படும். அதைப் பல மாதங்களாகத் தட்டச்சு செய்தே இருக்க மாட்டோம். கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்டு மாற்றத் திட்டமிடுகிறவர்கள் சாவி, கடவுச்சொல் இரண்டையும் முதலில் கையில் எடுத்துக்கொண்டு, பிட்லாக்கரையும் நிறுத்திவைத்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

சாவியே கேட்காமல், துவக்க டிஸ்க் இல்லை என்று மட்டும் சொன்னால் பயாஸ் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) பக்கம் பாருங்கள். பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பு முறையில் நிறுவப்பட்டிருந்து, புதிய போர்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையை மட்டுமே ஏற்பதாக இருக்கலாம். டிஸ்க்கை அதற்கேற்ற ஜிபிடி அமைப்புக்கு மாற்றித் தரும் கருவி விண்டோஸ் 10இலேயே இருக்கிறது (பேக்கப் எடுத்துவிட்டு இயக்குங்கள்). அல்லது பழைய போர்டில் ரெய்டு முறையில் இருந்த டிஸ்க் கன்ட்ரோலர் புதியதில் ஏஹெச்சிஐ என்று மாறியிருக்கலாம் (இரண்டும் டிஸ்க்கை அணுகும் முறைகள்). பயாஸ் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேதி சில ஆண்டுகள் பின்னால் இருந்தால் இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், விண்டோஸின் உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷனும் சண்டித்தனம் செய்யும்.

ஆக்டிவேஷனைச் சரிசெய்யத்தான் பார்மட் என்று சொல்பவர்கள் உண்டு. அது வீண் வேலை. உரிமம் பெரும்பாலும் போர்டோடு பிணைந்தது, மறுநிறுவல் அதை மாற்றாது. கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் போர்டுக்கே உரியது. விண்டோஸ் 8 காலம் முதல் அதன் சாவி போர்டின் உள்ளமை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பதிக்கப்பட்டு வருகிறது. பழுதான போர்டுக்குப் பதிலாக உற்பத்தியாளர் மாற்று போர்டு தந்தால் உரிமம் தொடரும். வேகம் போதவில்லை என்று நீங்களாக வேறு போர்டு போட்டால் அதைப் புதுக் கணினியாகவே மைக்ரோசாஃப்ட் கருதும். தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமத்தை மட்டும் தாராளமாக இடம் மாற்றலாம். 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, உரிமத்தைக் கணக்கோடு இணைத்துவைத்து, வன்பொருள் மாறிய பின் ஆக்டிவேஷன் பக்கத்திலிருக்கும் பழுதுநீக்கி வழியாக மீட்கும் வசதி உண்டு. அந்த இணைப்பைப் பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

லினக்ஸ்காரர்களுக்குக் கவலை குறைவு. டிரைவர்கள் பெரும்பாலும் அதன் மையப் பகுதியான கெர்னலோடு வருவதால் அது பொதுவாக அப்படியே எழும். நெட்வொர்க் இடைமுகத்தின் பெயர் மாறியிருக்கலாம், துவக்கப் பட்டியலில் பதிவைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம். மேக்கில் நிலைமை நேர்மாறு. ஆப்பிள் சிலிக்கான் மடிக்கணினிகளில் சேமிப்பகமே போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. போர்டு போனால் தரவும் போகும், பேக்கப் ஒன்றே வழி.

இத்தனைக்குப் பிறகும் அடிக்கடி நீலத்திரை வருகிறது, டிரைவர்கள் முரண்டுபிடிக்கின்றன என்றால் மறுநிறுவலே நியாயம். முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் உரிமத்தில் ப்ரோ ஆக்டிவேட் ஆகாது. மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துவக்கக் கோப்புகள் வேறொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது போர்டின் நெட்வொர்க் டிரைவரைப் பென்டிரைவில் தயாராக வையுங்கள். விண்டோஸ் 11 அமைப்பின்போதே இணையம் கேட்கும், வைஃபை சில்லோ அதற்கு அறிமுகமில்லாததாக இருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான சில மடிக்கணினிகளில் நிறுவும்போது எஸ்எஸ்டியே கண்ணில் படாது. விஎம்டி (இன்டெலின் சேமிப்பக மேலாண்மை வசதி) டிரைவரைக் கொடுத்தால் தெரியும். பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) அழிக்காமல் அதன்மேலேயே நிறுவினால் பழைய கோப்புகள் 'விண்டோஸ் ஓல்டு' கோப்புறைக்குள் போய்விடும். பத்து நாள் கழித்து விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடக்கூடும் என்பதால், வேண்டியதை அதற்குள் வெளியே எடுத்துவிடுங்கள்.