'லி'யைப் பார்த்ததும் 'மென்தே' ஒட்டாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்குப் பழைய மாணவி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு மின்னஞ்சலைப் படமெடுத்து அனுப்பினார். ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. செவியா நகரத்துக்காரர் ஒருவர், பழுதான பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பணம் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். இவர் எழுதிய பதில்: "எவென்துவால்மென்தே லே தெவோல்வெரேமோஸ் எல் தினேரோ." கொஞ்சம் தாமதமானாலும் பணம் வந்து சேர்ந்துவிடும் என்று சொல்ல நினைத்திருக்கிறார். செவியாக்காரருக்கு அது "சந்தர்ப்பம் அமைந்தால் பணத்தைத் தருவோம்" என்று கேட்டிருக்கிறது. அவருடைய கோபமான பதிலும் படத்தில் இருந்தது. கீழே என் மாணவியின் ஒரே வரி: "மேம், கிராமர் கரெக்ட்தானே? எங்க தப்பு?"

கிராமர் கரெக்ட்தான். அதுதான் என் வருத்தமே. ஸ்பானிஷ் பெயரடையை வினையடையாக்கும் விதியை ஒரே வகுப்பில் சொல்லித் தந்துவிடலாம். 14 வருடமாகச் சொல்லித் தருகிறேன். எல்லோருக்கும் விதி தெரிகிறது. அதை எங்கே பயன்படுத்துவது, எங்கே கை வைக்கக் கூடாது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. அதே வாரம் நான் திருத்திய, தெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வுக்கான பயிற்சிக் கட்டுரைகளிலும் இதே கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். 'மென்தே'யில் வரும் தே-யை 'தேன்' என்பதில் வருவதுபோல வல்லோசையாகச் சொல்லுங்கள். 'பந்தி'யில் வரும் தி போல மெலியவிடாதீர்கள். நம் ஊர் மாணவர்களை முதல் வாக்கியத்திலேயே காட்டிக்கொடுப்பது இந்த மெலிவுதான்.

விதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், எந்தப் பாடநூலிலும் இருக்கிறது. பெயரடையின் பெண்பால் வடிவத்தை எடுத்து அதன் பின்னால் 'மென்தே' சேர்க்க வேண்டும். ராப்பிதோ (வேகமான), ராப்பிதா, ராப்பிதாமென்தே (வேகமாக). லென்தோ (மெதுவான), லென்தா, லென்தாமென்தே (மெதுவாக). ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லாத ஃபாசில் (எளிதான), அமாப்லே (அன்பான) போன்றவற்றில் நேராகச் சேர்க்கலாம்: ஃபாசில்மென்தே, அமாப்லேமென்தே. அவ்வளவுதான்.

இருந்தும் 'லென்தோமென்தே', 'ராப்பிதோமென்தே' என்று எழுதுகிறார்கள். ஏன் பெண்பால் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் 'லி' இருப்பதுபோல ஸ்பானிஷில் 'மென்தே' ஒரு வால் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

'மென்தே' வால் இல்லை. அது ஒரு சொல். லத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம், அது பெண்பால் பெயர்ச்சொல். 'மென்தே' என்றால் 'மனத்தோடு'. ரோமானியர்கள் 'அமைதியான மனத்தோடு' என்று இரண்டு சொல்லாகச் சொன்னது நாளாக ஆக ஒன்றாக ஒட்டி, 'அமைதியாக' என்று ஆனது. பிறகு மனமே இல்லாத ஆறும் ரயிலும்கூட 'மெதுவான மனத்தோடு' போக ஆரம்பித்துவிட்டன. மனம் பெண்பால் என்பதால் முன்னால் நிற்கும் பெயரடையும் பெண்பால். இதைப் புரிந்துகொண்டவர் வாழ்நாளில் 'லென்தோமென்தே' எழுதமாட்டார். ஆங்கில 'லி'யின் பிறப்பே வேறு. அது 'உடல், உருவம்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று மனம், இன்னொன்று உடம்பு. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வைக்கலாம் என்று எப்படி நினைக்கிறீர்கள்?

நமக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது' என்கிறோம். ஒரு, மனது, ஆக. ஸ்பானிஷ்காரர் செய்ததும் இதேதான். சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த 'மனம்', அறிவைக் குறிக்கும் 'மதி' இரண்டும் லத்தீன் 'மென்ஸ்' பிறந்த அதே வேரிலிருந்து வந்தவை. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் நாளில் மட்டும் கடைசி வரிசைவரை நிமிர்ந்து உட்காருவார்கள்.

'மென்தே' இன்னும் பாதி தனிச்சொல்லாகவே நடந்துகொள்கிறது என்பதற்கு இரண்டு அடையாளம் உண்டு. முதலாவது உச்சரிப்பு. ஸ்பானிஷ் சொல்லில் பொதுவாக ஓர் அசைதான் அழுத்தம் பெறும். 'மென்தே' சேர்ந்த சொல்லில் மட்டும் இரண்டு: ராப்பிதாமென்தேயில் 'ரா'விலும் அழுத்தம், 'மென்'னிலும் அழுத்தம். எழுத்துக்கு மேலே போடும் 'தில்தே' என்ற அழுத்தக்குறி விஷயமும் இதோடு சேர்ந்ததே. பெயரடையில் குறி இருந்தால் வினையடையிலும் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. ராப்பிதோவில் உண்டு, லென்தோவில் கிடையாது. இதில் நீங்களாகக் கணக்குப் போட எதுவும் இல்லை. கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது அந்தக் குறியை விட்டுவிடுகிறீர்களே, தேர்வில் மதிப்பெண் போகும், தயவுசெய்து போடுங்கள்.

இரண்டாவது, அடுக்கிச் சொல்லும்போது. 'மெதுவாகவும் கவனமாகவும்' என்று தமிழில் இரண்டு பக்கமும் 'ஆக' போடுவோம். ஸ்பானிஷில் கடைசிச் சொல்லுக்கு மட்டும் 'மென்தே': லென்தா இ குய்தாதோசாமென்தே. 'மெதுவான, கவனமான மனத்தோடு' என்று வாய்க்குள் சொல்லிப் பாருங்கள், ஏன் ஒரு மனமே போதும் என்பது தெரிந்துவிடும். ஆனால் இந்த விதியைக் கேட்டதும் பலர் 'லென்தோ இ குய்தாதோசாமென்தே' என்று முதல் சொல்லை ஆண்பாலுக்கு மாற்றிவிடுகிறார்கள். 'மென்தே' கண்ணில் படாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது. பெண்பாலை விடாதீர்கள்.

அப்புறம் 'என்கான்தாதோர்' (வசீகரமான) மாதிரிச் சொற்கள். மெய்யெழுத்தில் முடிகிறது என்று நேராக 'மென்தே' சேர்த்துவிடாதீர்கள். அதற்குப் பெண்பால் உண்டு: என்கான்தாதோரா. ஆகவே என்கான்தாதோராமென்தே. 'சுபேரியோர்' (மேலான) இரண்டு பாலுக்கும் ஒன்றே, அதனால் சுபேரியோர்மென்தே. சந்தேகம் வந்தால் ஒரு பெண்ணை அந்தப் பெயரடையால் வருணித்துப் பாருங்கள், வடிவம் தானாக வந்துவிடும்.

புவேனோவுக்கும் (நல்ல) மாலோவுக்கும் (கெட்ட) வேறு வழி. நல்ல என்பதிலிருந்து நாம் 'நல்லாக' என்று எழுதுவதில்லையே, 'நன்றாக'தானே? அதேபோல 'பியென்', 'மால்'. 'புவேனாமென்தே' என்றும் ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள் 'முடிந்த அளவுக்கு, சிரமமில்லாமல்'. 'நன்றாக' என்ற பொருளில் அதை எழுதாதீர்கள்.

சரி, என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் யோசித்து, 'லி' கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் 'மென்தே' ஒட்டுவது.

'ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்வதே அபூர்வம்' என்று எழுத நினைத்த ஒரு பையன் ஆங்கில 'ஹார்ட்லி'யை மனதில் வைத்து 'தூராமென்தே' என்று எழுதினான். அதற்கு 'கடுமையாக' என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை முறிய முறிய உழைக்கிறேன் என்று ஆகிவிட்டது. அங்கே வர வேண்டிய சொல் 'அப்பேனாஸ்'. அதில் 'மென்தே'யே கிடையாது. இன்னொருவர் 'ஃப்ரெண்ட்லி'யில் 'லி' இருக்கிறதென்று அதையும் வினையடையாக நினைத்து, தன் அக்காவை 'அமாப்லேமென்தே' ஆக்கினார். ஆங்கிலத்தில் அது பெயரடை ஐயா! 'ஆக்துவால்மென்தே'யை ஆங்கில 'ஆக்சுவலி' என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் வாக்கியத்தைத் தொடங்குகிறார்கள்! அதன் பொருள் 'தற்போது'. 'உல்திமாமென்தே' என்றால் 'சமீபகாலமாக', 'முடிவில்' இல்லை. 'ஆல்தாமென்தே' என்றால் 'பெரிதும், மிகவும்'. சத்தமாகப் பேசச் சொல்ல 'ஆல்தோ' என்ற வெறும் பெயரடையே போதும்: ஆப்லா ஆல்தோ. ஆண்பால் ஒருமையில் அப்படியே நிற்கும் இந்த மாதிரிப் பெயரடைகள் ஸ்பானிஷில் நிறைய. திராபஹார் தூரோ, ஹுகார் லிம்பியோ என்று சொல்கிறார்கள்: கடுமையாக உழைப்பது, நேர்மையாக ஆடுவது. 

'எவென்துவால்மென்தே'யும் இந்த வரிசைதான். அகராதிப்படி அது நிச்சயமில்லாததை, தற்செயலானதைச் சொல்லும் சொல். ஆங்கிலம் கலந்து புழங்கும் இடங்களில் 'கடைசியில்' என்ற பொருளில் சிலர் சொல்லக் கேட்கலாம். அதை நம்பிப் பணவிஷயத்தில் எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது நேர்மை ஆகாது. நம் தமிழும் ஓரிடத்தில் நம்மைத் தள்ளிவிடுகிறது. 'அவள் சந்தோஷமாக இருக்கிறாள்' என்கிறோம். 'அழகாக இருக்கிறது', 'வீடு சுத்தமாக இருக்கிறது'. 'இரு' வந்தால் நமக்கு 'ஆக' வந்தே தீரும். இந்தப் பழக்கத்தோடு ஸ்பானிஷுக்குப் போகிறவர் 'எஸ்தா ஃபெலிஸ்மென்தே' என்று எழுதுகிறார். ஸ்பானிஷ்காரர் காதுக்கு அது வாக்கியமே இல்லை. 'எஸ்தா ஃபெலிஸ்' என்றால் போதும். அங்கே சந்தோஷம் அவளுடைய நிலை, இருக்கும் விதம் அல்ல.

வேறு வினைகளோடும் இப்படித்தான். 'குழந்தைகள் களைப்பாக வந்தார்கள்.' ஸ்பானிஷில் 'லோஸ் நின்யோஸ் யெகாரோன் கான்சாதோஸ்'. கான்சாதோஸ் என்பது பெயரடை, ஆண்பால், பன்மை. வந்தவர்கள் சிறுமிகள் என்றால் 'கான்சாதாஸ்'. களைப்பு குழந்தைகளுடையது, வருகையுடையது இல்லை என்பதால் குழந்தைகளோடு ஒத்துப்போகிறது. என் மாணவர்களுக்கு நான் சொல்லும் ஒரே சோதனை இதுதான்: 'ஆக' போடுமுன் அந்தக் குணம் ஆளுடையதா, செயலுடையதா என்று கேளுங்கள். ஆளுடையது என்றால் பெயரடை, பாலும் எண்ணும் பொருந்த வேண்டும். செயலுடையது என்றால் 'மென்தே'யைப் பற்றி யோசிக்கலாம். ஸ்பானிஷ் குழந்தைக் கதைகள் எப்படி முடியும் தெரியுமா? 'ஃபுவேரோன் ஃபெலீசெஸ் இ கோமியேரோன் பெர்தீசெஸ்', அதாவது மகிழ்ச்சியாக இருந்தார்கள், கௌதாரிக்கறி சாப்பிட்டார்கள். அந்த 'மகிழ்ச்சியாக' அங்கே 'ஃபெலீசெஸ்' என்ற பன்மைப் பெயரடை. 'ஃபெலிஸ்மென்தே'யை வாக்கியத்தின் தலையில் வைத்தால் 'நல்லவேளையாக' என்று பொருள் வரும், அது வேறு.

'யோசிக்கலாம்' என்றுதான் சொன்னேன், 'போடுங்கள்' என்று சொல்லவில்லை. தேர்வில் மொழி வளம் காட்டுவதாக நினைத்துப் பத்து வரியில் ஏழு 'மென்தே' எழுதுகிறார்கள். வாசித்தால் தாளம் தட்டுவதுபோல் இருக்கிறது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் பாதி இடத்தில் 'கோன் குய்தாதோ' என்பார்கள், கவனத்தோடு. 'கோன் ஃப்ரெகுவென்சியா' என்பார்கள், அடிக்கடி. 'தே மனேரா' போட்டு ஒரு பெயரடை சேர்த்துச் சொல்வார்கள், இங்கும் பெயரடை பெண்பாலில் நிற்கும். 1982இல் நோபல் பரிசு பெற்ற கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பிற்காலத்தில் 'மென்தே'யில் முடியும் வினையடைகளைத் தேடித் தேடித் தவிர்த்தவர். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் நின்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அது போதும்.

ஆங்கில வாக்கியத்தை மனதில் எழுதிவிட்டு மொழிபெயர்க்காதீர்கள். புதிதாக ஒரு 'மென்தே' சொல் வாயில் வந்தால் ஒருமொழி அகராதியில் பார்த்துவிட்டு எழுதுங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். அலுவலகக் கடிதத்தில் தேதி, தொகை, பொறுப்பு பற்றிப் பேசும் வாக்கியத்தில் வினையடையே வேண்டாம். அங்கே வேண்டியது எண்ணும் நாளும்தான்.

செவ்வாய் இரவு அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் சொன்னேன். பணம் எப்போது போகும் என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு எழுதச் சொன்னேன். மறுநாள் காலை அவர் அனுப்பிய கடிதத்தில் மன்னிப்புக்குப் பிறகு ஒரே வாக்கியம்: "லே தெவோல்வெரேமோஸ் எல் தினேரோ எல் வியெர்னெஸ்." வெள்ளிக்கிழமை உங்கள் பணத்தைத் திருப்பித் தருவோம். மதியத்துக்குள் செவியாவிலிருந்து பதில் வந்துவிட்டதாம், "கிராசியாஸ்" என்று.