நஞ்சு உட்கொண்டவர் நலமாகத் தெரியும் அந்தச் சில மணி நேரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைப் போல் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அவசரப் பிரிவு மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, "வாந்தி எடுத்துட்டாரு டாக்டர், இப்ப நல்லாத்தான் இருக்காரு" என்று குடும்பத்தார் சொல்லும்போதுதான் கவலை அதிகமாகிறது.

பராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. இன்று பயன்பாட்டில் இருக்கும் களைக்கொல்லிகளுள் ஒன்றான குளுஃபோசினேட்டைக் குடித்தவர், முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு திடீரென வலிப்பு வந்து மூச்சு நின்றுபோகும் நிலைக்குச் செல்லக்கூடும் என்பதால், நன்றாக இருப்பவரையும் கண்காணிப்பில் வைக்கிறோம். பாராசிட்டமால் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு முதல் நாள் குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமலிருக்கலாம். கல்லீரல் பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளிப்படும். விழுங்கி 4 மணி நேரம் ஆனபின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும். 8 மணி நேரத்துக்குள் அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்தைத் தொடங்கினால் கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து இப்படி ஒளிந்திருப்பது குறைவு. கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கி, எச்சிலும் வியர்வையும் பெருகி, நெஞ்சில் சளி நிரம்பும். அந்தச் சளி வற்றும்வரை அட்ரோபின் ஊசியை மீண்டும் மீண்டும் கூட்டிக் கொடுக்கிறோம். இந்தப் பூச்சிமருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும். எனவே கையுறை அணிந்து, நனைந்த உடைகளைக் களைந்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஆனால் அதற்காக மருத்துவமனைக்குப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம்.

உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பச்சை முட்டை எதையும் கொடுக்காதீர்கள். தொண்டைக்குள் விரலை விடவும் வேண்டாம். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் வாந்தியாக மேலேறும்போது உணவுக்குழாயை மறுபடியும் புண்ணாக்கும். மண்ணெண்ணெயோ நுரையீரலுக்குள் போய்விடும்.

குடித்த போத்தலை அல்லது அதன் லேபிளின் படத்தைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். களைக்கொல்லியை மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தால் குழந்தைகள் தெரியாமல் குடித்துவிடுகிறார்கள்; எங்களுக்கும் அது எந்த நஞ்சு என்று தெரியாமல் போகிறது. ஆம்புலன்ஸுக்கு 999. பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர்களாகிய நாங்களும் ஆலோசனை கேட்கிறோம்.

போலீசுக்கும் ஊர்ப்பேச்சுக்கும் அஞ்சி, "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று மறைக்கும் குடும்பங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: எதை, எப்போது, எவ்வளவு என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. நஞ்சு முறிந்த பிறகு, வீட்டுக்கு அனுப்பும் முன் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்வதும் எங்கள் சிகிச்சையில் ஒரு பகுதி.