‘கரண்ட் மட்டும் வச்சு விடுங்க சார்’

பிசியோதெரபிஸ்டான என்னிடம் இப்படிக் கேட்பவர்களில், இந்த வாரத்தில் இவர் நான்காவது ஆள். பரோட்டா மாஸ்டர், வயது 42. வலது முழங்கையின் வெளிப்பக்க மேட்டைத் தொட்டாலே முகம் சுளிக்கிறார். டீ கிளாஸைத் தூக்க முடியவில்லை. ஐந்து மாதத்தில் மூன்று ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்று. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: “கரண்ட் மட்டும் வச்சு விடுங்க சார், அஞ்சு மணிக்குக் கல்லு போடணும்.”

டென்னிஸ் எல்போ என்றேன். “நான் மட்டையையே தொட்டதில்லையே!” தொடாதவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். மாவு பிசைகிறவர், நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கும் டெய்லர், ஸ்க்ரூ டிரைவர் திருகும் எலக்ட்ரீஷியன், ஈரப் போர்வையை முறுக்கிப் பிழியும் அக்கா.

இந்தக் கரண்ட் கதையை ஒரு தடவை பேசித் தீர்த்துவிடலாம். கரண்ட் என்றால், வலிக்கிற இடத்தில் ஒயர் மாட்டி லேசாக மின்சாரம் பாய்ச்சும் மெஷின். அது சுருசுருவென்று ஓடும்போது வலி கொஞ்ச நேரம் மந்தமாகும். அவ்வளவுதான். கெட்டுப்போயிருப்பது, மணிக்கட்டை மேலே தூக்கும் தசையை முழங்கை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண். மாதக்கணக்கில் இழுத்த வலி என்றால் அங்கே வீக்கத்தைவிட நைந்துபோன நார்களே அதிகம். அதற்குப் பலம் ஏற, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துப் பழக்க வேண்டும். உங்களுக்காக மெஷின் பாரம் தூக்காது. பத்து நாள் ஒயர் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டு, “பிசியோவும் பாத்தாச்சு, கேக்கல” என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் பார்த்தது பிசியோவே இல்லை. (எங்கள் பக்கமும் தப்பு உண்டு. மெஷினை மாட்டிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போவது எங்களுக்கும் வசதி.)

ஊசியா? 2002இல் நெதர்லாந்தில் இதே வலி உள்ள 185 பேரிடம் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேருக்கு நல்ல குணம். ஒரு வருடம் கழித்து அது 69. பயிற்சியும் சேர்ந்த பிசியோதெரபிக்குப் போனவர்கள் 91. சும்மா பொறுத்திருந்தவர்களே 83! வலி தெரியாத அந்த ஆறு வாரமும் மாஸ்டர் முழு வேகத்தில் மாவு பிசைந்திருக்கிறார்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மறு கையால் மேலே தூக்கிவிட்டு, நான்கு எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. அதுவே தாங்காதவர்கள் முதலில் அசைக்காமல் அரை நிமிடம் பிடித்தால் போதும். லேசான வலி வரும், வரட்டும். மறுநாள் காலையிலும் நீடித்தால் பாரத்தைக் குறையுங்கள். மூன்று மாதமாவது ஆகும். மூன்றாம் நாளே போன் செய்து திட்டாதீர்கள்.

பையைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். துணியை முறுக்காதீர்கள், கொடியில் போட்டால் தானே வடியும். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ இது வேறு விஷயம். பாட்டிலைத் தொடாமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹோட்டல் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாஸ்டர் கல்லில் நிற்கட்டும். மாவு பிசைய மட்டும் ஆறு வாரத்துக்கு வேறு ஒரு தம்பியைப் போடுங்கள்.