கத்தோலிக்கத் திருமணத்தை யார் நடத்திவைத்தால் செல்லும்?

குருவானவர் என்றால் எந்தக் கோயிலிலும் திருமணம் நடத்திவைக்கலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1108-ஆம் எண்படி, அந்த இடத்துக்குரிய ஆயர் (பிஷப்) அல்லது பங்குத்தந்தை (அந்தப் பங்குக்குப் பொறுப்பான குரு) முன்னிலையில், அல்லது அவர்களில் ஒருவர் அதிகாரம் கொடுத்த குரு அல்லது திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள டீக்கன்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடந்தால்தான் திருமணம் செல்லும்.

அந்த அதிகாரத்தில்தான் குடும்பங்கள் கவனமாக இருக்க வேண்டும். பெண்ணின் சித்தப்பா வேறு மறைமாவட்டத்தில் குருவாக இருக்கிறார், அவரே நடத்திவைக்கட்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. தாராளமாக நடத்தலாம். ஆனால் திருமணம் நடக்கும் பங்கின் தந்தை, இந்தத் திருமணத்துக்கு இன்னார் என்று அவருக்கு வெளிப்படையாக அதிகாரம் தந்திருக்க வேண்டும். மௌனம் சம்மதம் என்ற கணக்கு இங்கே உதவாது. வாய்மொழியாகத் தந்தாலும் போதும் என்றாலும், எழுத்தில் வாங்கிவிடுவதே நல்லது. பங்குத்தந்தையே பக்கத்துப் பங்குக்குப் போனால் அவருக்கும் இதே விதிதான். சித்தப்பா திருப்பலி நிறைவேற்ற, மணமக்களின் ஒப்புதலை மட்டும் பங்குத்தந்தை கேட்டுப் பெற்றாலும் சரிதான். சட்டம் பார்ப்பது திருச்சபையின் பெயரால் ஒப்புதலைக் கேட்டுப் பெறுகிறவர் யார் என்பதைத்தான்.

கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பின்பற்றும் லத்தீன் மரபில் மணமக்களே ஒருவருக்கொருவர் திருமணம் என்ற அருள்சாதனத்தை வழங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் திருத்தொண்டரும் முன்னின்று நடத்த முடிகிறது. சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளில் குருவின் ஆசி இல்லாமல் திருமணம் செல்லாது. மணமக்களில் ஒருவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றாலும் திருத்தொண்டர் போதாது, குருதான் வேண்டும். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதைச் சட்டத்திலேயே சேர்த்தார்.

குருவும் திருத்தொண்டரும் கிடைக்காத பகுதிகளில், திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அனுமதியோடு ஆயர் ஒரு பொதுநிலையினரை (குருவோ திருத்தொண்டரோ அல்லாத சாதாரண விசுவாசியை) நியமிக்கலாம். உயிர் போகும் ஆபத்திலோ, உரியவர் ஒரு மாதத்துக்கு வர வழியில்லை என்று தெரியும்போதோ, இரண்டு சாட்சிகள் முன்னால் கொடுக்கும் ஒப்புதலே போதும்.

மணமக்களில் ஒருவர் கத்தோலிக்கர் அல்லாதவர், திருமணத்தை வேறு இடத்தில் வேறு முறையில் நடத்த வேண்டும் என்றால், இந்த விதியிலிருந்து விலக்கு தர ஆயரால் முடியும். அதைத் திருமணத்துக்கு முன்பே வாங்க வேண்டும். அதிகாரம் இல்லாதவர் முன்னால் ஏற்கெனவே நடந்துவிட்டதா? பயப்பட வேண்டாம், பங்குத்தந்தையிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். ஒப்புதலைப் புதிதாகக் கொடுத்துச் சரிசெய்யலாம். சில சூழல்களில் அதுகூட இல்லாமல் ஆயரே செல்லுபடியாக்க முடியும்.