வாய்க்கும் மைக்குக்கும் நடுவே

கன்னியாகுமரி மாவட்டத்தில் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. கொடை நடக்கும் கோயில்களில் விடிய விடிய வில்லுப்பாட்டு, ஆலயங்களில் பாடகர் குழு, வீட்டுக்கு வீடு ஒரு கீபோர்டோ கிட்டாரோ இருக்கும். இவர்களில் பலர் இப்போது வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கிப் பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: குறைந்த விலையில் எந்த மைக் வாங்கலாம்? மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் மைக் வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால் எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும், எதற்குச் செலவழிக்கவே வேண்டாம் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மைக்கில் முக்கியமாக இரண்டு வகை: டைனமிக், கண்டன்சர். பழுதான டைனமிக் மைக் ஒன்று கிடைத்தால் திறந்து பாருங்கள். மேலிருக்கும் உருண்டை வலையைத் திருகிக் கழற்றினால் உட்புறம் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே ஒரு நாணய அளவில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சவ்வு. அந்தச் சவ்வின் அடியில் முடியைப் போன்ற செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். சுருள் ஒரு காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் தொடாமல் நிற்கிறது. குரல் பட்டதும் சவ்வு அதிர்கிறது, சுருளும் கூடவே ஆடுகிறது, காந்தப் புலத்துக்குள் கம்பி அசைவதால் அதில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த விதி இது. முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் மின்சாரம் எடுப்பதும் இதே விதியால்தான். அங்கே காற்று இறக்கையைச் சுழற்றுகிறது, இங்கே உங்கள் மூச்சு சுருளை ஆட்டுகிறது.

கண்டன்சர் மைக்கில் சுருளும் இல்லை, அதற்கான காந்தமும் இல்லை. சில மைக்ரான் தடிமனே உள்ள, உலோகப் பூச்சு பூசிய சவ்வு ஒன்று. அதற்குப் பின்னால், தொட்டும் தொடாமலும் ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி, அதாவது மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பு. சவ்வு அதிரும்போது இடைவெளி கூடிக் குறைகிறது, அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறுகிறது. 1916-இல் அமெரிக்காவில் வென்டே என்ற பொறியாளர் உருவாக்கிய முறை இது. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால்தான் இது வேலை செய்யும். நிரந்தரமாக மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும் எலெக்ட்ரெட் சவ்வை 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கினார்கள். சட்டைக் காலரில் குத்தும் மைக் முதல் பல மலிவு விலை ஸ்டுடியோ மைக் வரை இன்று கைக்கு எட்டுவதற்கு அவர்கள்தான் காரணம். எலெக்ட்ரெட் ஆனாலும் உள்ளே இருக்கும் சிறு மின்சுற்றுக்கு மின்சாரம் தேவை. ஸ்டுடியோ கண்டன்சர் மைக்குகள் அதை 48 வோல்ட் பான்டம் பவராகக் கேபிள் வழியே பெறுகின்றன.

கண்டன்சரின் சவ்வு எந்தச் சுமையையும் இழுத்துக்கொண்டு அசைவதில்லை. அதனால் நுட்பமான, வேகமான ஒலிகளை அது அப்படியே பிடிக்கிறது. வெளியீடும் அதிகம். ஷூர் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்து, உலகெங்கும் மேடைகளில் இன்றும் புழங்கும் எஸ்.எம்.58 என்ற டைனமிக் மைக், ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் தருகிறது. தொடக்கநிலைக் கண்டன்சர்களில் நன்கு அறியப்பட்ட ஆடியோ-டெக்னிக்கா ஏ.டி.2020 அதே அழுத்தத்துக்கு 14 மில்லிவோல்ட் தருகிறது.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். கண்டன்சர் அறையின் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று சொல்கிறார்கள். உணர்திறன் அதிகமான மைக், குரலையும் மின்விசிறியையும் ஒரே மடங்கில்தான் பெரிதாக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அந்த விகிதத்தை மாற்றுவது தூரம். டைனமிக் மைக்கை உதட்டருகே பிடித்துப் பாடுகிறோம், கண்டன்சரைத் தள்ளி வைக்கிறோம், குறையை மைக்கின் மேல் போடுகிறோம். மைக்கை 80 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் வாயிலிருந்து நேராக வரும் ஒலி 18 டெசிபல் கூடுகிறது, அதாவது ஆற்றலில் 64 மடங்கு. மின்விசிறியின் இரைச்சலோ அறை முழுக்கப் பரவி நிற்பதால் அதே அளவில்தான் இருக்கும். இவ்வளவு லாபத்தை எந்த விலையுள்ள மைக்கும் தனியாகத் தந்துவிடாது.

எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதை அறைதான் சொல்லும். நம் ஊரில் புதிதாகக் கட்டும் வீடுகளில் பத்துக்குப் பத்து அடி அறை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர், தரையில் டைல்ஸ். உள்ளே நின்று கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் ஒலிக்கும். ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன் வகுத்த சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள வெற்றறையில் பூச்சுச் சுவர் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை மட்டும் உறிஞ்சுகிறது என்று வைத்தால், எதிரொலி அடங்க இரண்டரை நொடிக்கு மேல் ஆகிறது. அத்தகைய அறையில், எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் மைக்கில் நேர்க்குரலும் எதிரொலியும் சமமாகிவிடும் தூரம் வெறும் 18 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை! முன்பக்க ஒலியை மட்டும் விரும்பி வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கானால் அது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆகும். அதே அறையில் பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்து, கனத்த திரையும் கம்பளியும் தொங்கவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்தால் எதிரொலியை அரை நொடிக்குக் குறைத்துவிடலாம். முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அது ஒலியைப் பெரிதாக உறிஞ்சுவதும் இல்லை, வெளிச்சத்தத்தைத் தடுப்பதும் இல்லை, எளிதில் தீப்பற்றவும் செய்யும்.

மெத்தையை எங்கே வைப்பது? பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம் ஏற்கெனவே செவிடு. அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். ஆகவே மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், மைக்கின் முதுகு சன்னலையோ மின்விசிறியையோ பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மழை வேறு விஷயம். மொட்டை மாடிக்கு மேல் தகரக் கூரை போட்ட வீடுகள் இங்கே ஏராளம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. தகரத்தில் மழை அடிக்கும்போது பதிவை நிறுத்தி வைப்பதைத் தவிர வழியில்லை. ஒலியை உறிஞ்சுவதும் தடுப்பதும் இரு வேறு வேலைகள். தடுப்பதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், பஞ்சும் நுரையும் அதைச் செய்யா.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஏ.டி.2020-இன் சொந்த இரைச்சல், அதாவது சுற்றிலும் அமைதியாக இருந்தாலும் மைக்கே எழுப்பும் இரைச்சல், 20 டெசிபல். இரவில் அமைதியான அறையிலேயே 30 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருக்கும், மின்விசிறி ஓடினால் இன்னும் கூடும். அறையின் சத்தமே அதை மூழ்கடித்துவிடும்போது, இதைவிட இரைச்சல் குறைந்த மைக்குக்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பதில் பொருளே இல்லை.

ஆகவே, குரல் மட்டும் பதிபவர்களுக்கு, அதுவும் அறையை இன்னும் சீர்செய்யாதவர்களுக்கு, என் பரிந்துரை நல்ல டைனமிக் மைக். அது அறையின் சத்தத்தை இழுக்காது என்பதால் அல்ல, உதட்டருகே வைத்துப் பாட ஏற்றது என்பதால். மூன்று நான்கு விரற்கடை தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைத்துப் பாடுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் மூச்சு மோதும். இவ்வளவு நெருக்கத்தில் கார்டியாய்டு மைக்குகள் கீழ்ச்சுருதியைத் தூக்கிக் காட்டும். கனத்த ஆண்குரலுக்கு அது மிகையாகிவிடும் என்பதால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் குறைத்துவிடலாம். டைனமிக்கின் வெளியீடு குறைவு என்பதால், மைக்கையும் கணினியையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி அதைப் போதிய அளவு பெருக்கித் தருவதாக (கெயின்) இருப்பது அவசியம். மைக்கில் மிச்சம் பிடித்து இன்டர்ஃபேஸில் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். யு.எஸ்.பி. மைக்கில் இந்தத் தொல்லை இல்லை, தனியாகப் பேசிப் பதிபவருக்கு அது போதும். பிறகு இரண்டாவது மைக் சேர்க்க நினைத்தால்தான் இடிக்கும்.

வில்லுப்பாட்டைப் பதிவதானால் என் கட்சி மாறிவிடும். வீசுகோல் வில்லில் விழும்போது நாணில் கோத்த மணிகள் சிதறி ஒலிக்கும் அந்தக் கணம் மிக உயர்ந்த அதிர்வெண்களால் ஆனது, நொடியில் பிறந்து மறைவது. சுருளைச் சுமக்கும் சவ்வு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தடுமாறும், மணியோசை மழுங்கிவிடும். உடுக்கையின் விளிம்போசைக்கும் இதுவே கதி. அந்தக் கலைக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் வில்லுக்கு எதிரே ஒரு கண்டன்சர் மைக் கட்டாயம் வேண்டும். தாளத்துக்குத் தட்டும் குடத்துக்கு டைனமிக்கே போதும்.

குளச்சல் போன்ற கரையோர ஊர்க்காரர்கள் கண்டன்சர் வாங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் மின்சுற்றின் தடை நூறு கோடி ஓம் அளவுக்குப் போகும். ஈரக்காற்றும் உப்பும் படிந்தால் மின்னேற்றம் கசிந்து 'படபட'வென்று சத்தம் வரும். வேலை முடிந்ததும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடுங்கள்.

ஸ்டாண்டும் வலையும் ஸ்பாஞ்சும் சேர்த்து, பெரிய கண்டன்சர் போன்ற தோற்றத்தில் மிக மலிவாக விற்கும் பொட்டலங்களில் எச்சரிக்கை தேவை. அந்தப் பெரிய உடலுக்குள் பலவற்றில் இருப்பது சிறு எலெக்ட்ரெட் துண்டுதான். கடையிலேயே சோதித்துவிடலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் ஒரு சாண் தூரத்தில் பேசுங்கள், பிறகு மைக்கைத் திருப்பி அதே தூரத்தில் அதன் பின்னால் பேசுங்கள். உண்மையான கார்டியாய்டு என்றால் குரல் சட்டென்று பின்வாங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்டால், அட்டைப் பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.