முந்தி வந்த வாளிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த, தலைமுறைக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். பால் கொட்டகைக்கு முதலில் வந்து சேரும் வாளிகளை வைத்து அன்றைய மொத்தப் பாலை மதிப்பிடக் கூடாது. சாலையோர நிரையில் வெட்டியவர் முந்தி வருவார்; மலைச்சரிவில் வெட்டியவர் பிந்தி வருவார். சரிவில் நிற்பவை நல்ல பருவத்து மரங்களாக இருந்துவிட்டால், கிராணியின் (தோட்ட எழுத்தரின்) புத்தகத்தில் கடைசி அரை மணி நேரத்து எடைதான் அந்த நாளைத் தீர்மானிக்கும். இன்று சுற்றியுள்ள காடுகளில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது என்றாலும், 2020ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு நான்கு நாள் இழுபட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கொட்டகைதான்.

பைடனுடன் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிசின் தாத்தா மன்னார்குடி அருகே உள்ள துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர் என்பதால், எங்கள் ஊரில் அந்தத் தேர்தலை உறவினர் வீட்டு விசேஷம் போலவே பின்தொடர்ந்தார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஒன்பது மணி. ஆகவே அங்கே விடிய விடிய நடந்த எண்ணிக்கை எங்களுக்கு வேலை நேரத்தில் நடந்தது. எங்கள் நேரப்படி நவம்பர் 4ஆம் தேதி மாலை பென்சில்வேனியா மாநிலத்தில் டிரம்ப் ஏறத்தாழ 700,000 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை இரவுக்குள் பைடன் அவரை முந்திவிட்டார். இறுதியில் பைடனின் பெரும்பான்மை ஏறத்தாழ 80,000 வாக்குகள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கொரோனா காலத்தில் பைடனின் ஜனநாயகக் கட்சியினர் பெருமளவில் அஞ்சல் வழியாகவும், டிரம்பின் குடியரசுக் கட்சியினர் பெரும்பாலும் நேரிலும் வாக்களித்தார்கள். பென்சில்வேனியச் சட்டப்படி, அஞ்சல் உறைகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் பிரிக்கவே கூடாது. உறையைச் சரிபார்த்து, பிரித்து, சீட்டை நீவி இயந்திரத்தில் இடுவதற்குள், நேரில் விழுந்த வாக்குகள் எண்ணப்பட்டு அறிவிக்கப்பட்டுவிடும். எண்ணி முடித்த பகுதி மொத்தத்தின் மாதிரி அல்ல. அது ஒரு வகை வாக்கின் குவியல் மட்டுமே. அதற்காக, பிந்தி எண்ணப்படும் வாக்கு எப்போதும் ஒரே கட்சிக்குச் சாதகம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. முன்கூட்டி வந்த அஞ்சல் வாக்குகளை முதலில் எண்ணிய அரிசோனாவில் பைடனின் முன்னிலை நாளுக்கு நாள் கரைந்து 10,457இல் நின்றது.

எனவே, "யார் முன்னிலை?" என்பதை விட, மீதி எவ்வளவு, அது எத்தகைய வாக்கு என்பவையே பயனுள்ள கேள்விகள். ஒருவர் 20,000 வாக்குகள் பின்தங்கியிருக்கிறார், எண்ண வேண்டியவை 100,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் சமநிலைக்கு வர மீதியில் 60 விழுக்காடு வேண்டும். அதே வகை வாக்குகளில் அவர் இதுவரை 75 விழுக்காடு பெற்று வந்தால் பின்தங்குவதாகத் தோன்றுபவரே வெல்லப் போகிறவர். 55 விழுக்காடுதான் என்றால் அவருக்கு வழியில்லை. பென்சில்வேனிய அஞ்சல் வாக்குகளில் பைடன் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல் பெற்றார், புதன்கிழமை எண்ணப்படாமல் கிடந்தவையோ ஒரு மில்லியனுக்கும் மேல். செய்தி நிறுவனங்கள் வெற்றியை அறிவிக்கும் முன் போடும் கணக்கின் சாரம் இதுதான்: பின்தங்கியவர் எட்டிப்பிடிக்க இன்னும் வழி இருக்கிறதா? மலேசியாவில் வாக்களிப்பு முடிந்த மாலையே அந்தந்த மையத்தில் எண்ணத் தொடங்கிவிடுவதால், இந்த நீண்ட ஊசலாட்டம் நமக்குப் பழக்கமில்லை.

கணக்கு புரிந்த பிறகும் நெஞ்சு படபடப்பது ஏன்? 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் கற்களைப் புரட்ட வைத்தார்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்ற நிலையைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற நிலையிலேயே பதற்றம் உச்சத்தைத் தொட்டது. கெட்டது உறுதியானால் உடல் அதற்கு ஆயத்தமாகிவிடும்; எதற்கு ஆயத்தமாவது என்றே தெரியாதபோது இரண்டுக்கும் சேர்த்து விழித்திருக்கிறது. நெருக்கமான தேர்தல் மனத்தை அந்தப் பாதிப் புள்ளியிலேயே நிறுத்திவைக்கிறது. ஜார்ஜியாவில் ஏறத்தாழ ஐந்து மில்லியன் வாக்குகளில் வித்தியாசம் 11,779தான். நிமிடத்துக்கொரு முறை தொலைபேசியைத் திறப்பது அதை ஆற்றாது. எப்போது புது எண் வரும் என்று தெரியாததே விரலை மீண்டும் மீண்டும் இழுக்கிறது.

கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை ஆராய்ந்த உளவியலாளர் கேட் ஸ்வீனி, மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கையாளும் உத்திகள் அவ்வளவாக உதவவில்லை என்று கண்டார். அவரது குழுவின் பிற்கால ஆய்வுகளில், நேரம் போவதே தெரியாமல் ஆழ்த்தும் வேலை காத்திருப்பைக் கொஞ்சம் எளிதாக்கியது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. எங்கள் வீட்டில் முந்தைய வாரம் முழுக்க முறுக்குப் பிழிந்தோம். ஞாயிறு பிறந்து அரை மணி நேரத்துக்குள் பைடன் வென்றார் என்ற செய்தி வந்தபோது கடைசி ஈடு எண்ணெயில் கிடந்தது. அதைப் பொன்னிறமாக எடுத்து வடியவிட்ட பிறகே தொலைபேசியைப் பார்த்தோம்.